பேஸ்மென்டில் பூத்த கண்ணாடி

அந்தக் கிளாஸ் ரொறன்ரோவில் பிறந்ததல்ல. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஹைசி, இம்பீரியல் போன்ற ஆலைகளில் வெறும் கண்ணாடியாக உருவாகி எல்லை தாண்டி வந்தது. ரொறன்ரோ அதற்கு ஒரு பூவைக் கொடுத்தது.

கொடுத்தவர் டபிள்யூ. ஜே. ஹியூஸ். ரோடன் பிரதர்ஸ் பட்டறையில் கண்ணாடி வெட்டியவர், 1912இல் தனித்தொழிலில் இறங்கினார். பட்டறை அவர் வீட்டு பேஸ்மென்ட். அன்று வசதியானவர்கள் வாங்கியது ஈயம் கலந்த கனத்த கண்ணாடி. ஆழமாக வெட்டிப் பளபளப்பேற்றியிருப்பார்கள். விலையும் கண்ணைப் பறிக்கும். ஹியூஸ் மெல்லிய கிளாஸ்களை எடுத்தார், மேலோட்டமாக வெட்டினார், வெட்டிய இடத்தை மினுக்காமல் சாம்பல் நிறத்திலேயே விட்டார். பன்னிரண்டு இதழ், நடுவில் குறுக்குக்கோட்டு வலை, வளைந்தோடும் காம்பு. ‘கோர்ன் பிளவர்’ என்ற அந்த வடிவம் நடுத்தரக் குடும்பங்களின் கலியாணப் பரிசாகக் கனடா முழுக்கப் போனது. 1951இல் அவர் இறந்த பின்னும் மருமகன் பீற்றர் கேசர் தொழிலை நடத்தினார்.

வெட்டுபவர் கிளாஸைச் சுழலும் கல்லின்மேல் அழுத்தி, கண்ணாடியூடாகவே பார்த்து வெட்டுவார். கோடு பிசகினால் அழிக்க வழியில்லை. அதனால்தான் எந்த இரண்டு பூவும் அச்சொத்தவை அல்ல.

இன்று இவை ரொறன்ரோவின் பழம்பொருள் கடைகளில், விளம்பரக் கோப்பைகளுக்கு நடுவே நிற்கின்றன. நகத்தால் இதழைத் தடவிப் பாருங்கள்: சக்கரம் வெட்டியது சுரசுரப்பாக, கூரான ஓரத்தோடு இருக்கும்; அச்சில் அழுத்தியது மழுங்கியிருக்கும். வாய் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினால் கண்ணுக்குத் தப்பிய சில்லுடைவும் சிக்கும். வெண்மூட்டமாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். தண்ணீர்ச் சுண்ணாம்பு என்றால் வினாகிரியில் போய்விடும். பாத்திரம் கழுவும் இயந்திரம் அரித்த மூட்டம் எதற்கும் போகாது. கடையில் நின்று இதைப் பிரித்தறிவது சிரமம், ஆகவே நான் மூட்டமுள்ளதைத் தொடுவதேயில்லை.

பூரணமான வரிசையைப் பார்க்க ஆசையென்றால் ரொறன்ரோவுக்கு வடமேற்கே ஹியூஸின் சொந்த மாவட்டத்திலுள்ள டஃபரின் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பெருந்தொகுப்பு அங்கே இருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததில் கொதிக்கும் பிளேன் டீயை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். இது வெப்பத்தால் உறுதியேற்றிய கண்ணாடி அல்ல. வெட்டுக்கோடு ஒவ்வொன்றும் விரிசல் தொடங்க வசதியான இடம். தேநீருக்குப் பிரான்ஸின் டுராலெக்ஸ் போன்ற உறுதியேற்றிய கிளாஸ்கள் இருக்கின்றன. இதில் குளிர்ந்த நன்னாரி சர்பத் ஊற்றுங்கள், பூவும் நன்றாகத் தெரியும்.