பரேலுக்கும் ட்ராம்பேவுக்கும் என்ன சம்பந்தம்?

மும்பைக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு குழப்பம். பரேலில் இருக்கும் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஏன் அணுசக்தித் துறையின் கீழ் வருகிறது? 1941-ல் டாடா அறக்கட்டளை திறந்தது. 1957-ல் சுகாதார அமைச்சகம் எடுத்துக்கொண்டது. 1962-ல் அணுசக்தித் துறைக்கு மாறியது, செம்பூர் தாண்டி ட்ராம்பேவில் ஆராய்ச்சி நிலையம் நடத்தும் அதே துறைக்கு. கதிர்வீச்சுதான் இரண்டுக்கும் பாலம்.

கட்டியைச் சுடும் கதிர் பக்கத்தில் இருப்பதையும் சுடும். வாய்ப் புற்றுக்குக் கதிர் கொடுத்தால் வாயெல்லாம் புண், கஞ்சி கூட இறங்காது. வலி தாங்காமல் நடுவில் இடைவெளி விட்டால் கட்டிக்குத்தான் கொண்டாட்டம்.

காப்பாற்றும் மருந்தை முதலில் தேடியவர்கள் அணுகுண்டுக்குப் பயந்தவர்கள். 1949-ல் அமெரிக்காவில் ஹார்வி பாட் குழு, சிஸ்டீன் கொடுத்த எலிகள் எக்ஸ் கதிரைத் தாங்குவதைக் காட்டியது. ஆனால் கதிருக்கு முன்பே கொடுக்க வேண்டும். (குண்டு போடுகிறவன் சொல்லிவிட்டா போடுவான்?) பிறகு அந்நாட்டு ராணுவம் ஆயிரக்கணக்கான சேர்மங்களைச் சலித்து எடுத்த அமிஃபாஸ்டினை, 1999-ல் கதிர்ச் சிகிச்சையால் வாய் உலர்வதைக் குறைக்க அனுமதித்தார்கள்.

வளர்ச்சிக் காரணிகள் வேறு ரகம். அடியைத் தடுப்பதை விட, தப்பிய செல்களைப் பெருக்கி இழப்பை ஈடுகட்டுவதே இவற்றின் பிரதான வேலை. 1987-ல் பிரேசிலின் கோயானியாவில் சீசியம் விபத்தில் சிக்கிய 8 பேருக்கு, ரத்த வெள்ளணுக்களைப் பெருக்கும் காரணி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். 4 பேர் இறந்தார்கள். ஆனாலும் இந்த வழி கைவிடப்படவில்லை. அதே குடும்பத்து ஃபில்கிராஸ்டிமுக்கு 2015-ல் கதிர்வீச்சு நோய்க்கென்றே அமெரிக்க அனுமதி கிடைத்தது.

வாய்த் தோலை வளர்க்கும் காரணியான பாலிஃபெர்மின் 2004-ல் அனுமதி பெற்றது. யாருக்கு? ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு. வாய்ப் புற்றுக்காரருக்கு அல்ல! அங்கே கட்டியே தோல் செல்லிலிருந்து வந்ததுதானே, உரம் போட்டால் பயிரோடு களையும் வளராதா என்ற பயம். 2011-ல் வெளியான தலை, கழுத்துப் புற்றுப் பரிசோதனை ஒன்றில் கடும் புண் 69 சதவீதத்திலிருந்து 54 ஆகக் குறைந்தது. அந்த உரச் சந்தேகம் மட்டும் முழுசாகத் தீரவில்லை. வாய்ப் புற்று மலிந்த நம் நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ட்ராம்பே வேறு பக்கம் போனது. பாபா அணு ஆராய்ச்சி மையமும் டாடா மெமோரியலும் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து, 2025 ஜனவரியில் ஆக்டோசைட் என்ற மாத்திரையைக் கொண்டுவந்தன. வளர்ச்சிக் காரணி இல்லை, உணவுத் துணைப்பொருள் வகை. இடுப்புப் பகுதிப் புற்றுக்குக் கதிர் வாங்கி, சிறுநீர்ப்பை புண்ணாகி ரத்தம் போகிறவர்களுக்கு.