காளைக்கு முன்னால் வேலி

காங்கேயம் என்றதும் ஊர் உலகம் காளையைத்தான் சொல்லும். திமிலும் கொம்பும் படத்துக்கு எடுப்பாக இருக்கின்றன, சொல்லிவிட்டுப் போகட்டும். வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவே மானாவாரிக் காட்டில் பிறந்து, பக்கத்து ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, எழுபதைத் தாண்டிவிட்ட எனக்குத் தெரிந்த கணக்கு வேறு. எங்கள் சீமையில் குடும்பத்தைத் தாங்கியவை வேலியும் எருமையும் செம்மறியும். அவை தாங்கியதால்தான் தொழுவத்தில் காளை நின்றது.

எங்களுடையது மழை மறைவுப் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுத்தால் அந்த வருசம் பிழைத்தோம். இதை நம்பி இருப்பதையெல்லாம் உழுது விதைத்தால் மாடு எதைத் தின்னும்? அதனால் கிணற்றுத் தண்ணீர் பாய்கிற இடத்தைத் தோட்டமாக வைத்துக்கொண்டு, மிச்சத்தில் ஒரு பகுதியைக் கொரங்காடாக விட்டார்கள். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கிற சொந்த மேய்ச்சல் நிலம் அது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சுற்றிலும் முள்ளுக்கிளுவையால் உயிர்வேலி கட்டினார்கள்.

அப்பாரு வேலி வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். போத்து என்கிற முற்றின கிளுவைக் கிளையாகப் பார்த்து வெட்டுவார். கடப்பாரையால் குத்திக் குழி போட்டு நெருக்க நெருக்க ஊன்றி, காலால் மண்ணை மிதித்து இறுக்குவார். இரண்டு போத்துக்கு நடுவில் ஆட்டுக்குட்டியின் தலை நுழையக்கூடாது. அவருக்கு அதுதான் அளவு. வேர் பிடித்துவிட்டால் தலைமுறைக்கும் நிற்கும். “வேலி இருந்தா மேய்க்கிற ஆளு மிச்சம், கண்ணு” என்பார். விடிந்ததும் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால், பொழுது சாயும்வரை பின்னால் யாரும் நடக்கவேண்டாம். ஆள்பலம் இல்லாத சின்னக் குடும்பமும் பத்து உருப்படி வைத்துப் பிழைத்தது இதனால்தான்.

மேய்ச்சலுக்கும் முறை உண்டு. புல் வளர்ந்திருக்கும்போது மாடும் எருமையும் போகும். அவை விட்ட அடிப்புல்லைச் செம்மறி கடிக்கும். பிறகு அந்தத் துண்டை மூடி அடுத்ததைத் திறப்பார்கள். புல் காய்ந்த கோடையில் வெள்வேலங்காய் உதிரும். ஆடுகளுக்கு அதுதான் தீனி. சில வருசங்களுக்கு ஒருமுறை நல்ல மழையில் கொரங்காட்டை உழுது சோளமோ கொள்ளோ விதைப்பார்கள். மண்ணும் இளகும், சோளத்தட்டும் போருக்கு ஏறும். அடுத்த மழைக்குப் புல் தானாக முளைத்துவரும். காட்டுக்கும் காட்டுக்கும் இடையே, இருபுறமும் வேலி சூழ்ந்த இட்டேரி வழியாகத்தான் ஊரே நடந்தது.

காளைக்கு வேலை கிணற்றில் இருந்தது. கவலை என்று எருது பூட்டித் தண்ணீர் இறைக்கும்போது ஜோடி எருது சரிவான வாரியில் இறங்க, ஓட்டுகிறவர் வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்து பாரம் கொடுப்பார். சால் மேலே வந்து தண்ணீர் கொட்டியதும் எருதுகள் பின்னடி வைத்தே மேடேறும். நாள் முழுக்க இதைச் செய்யக் காங்கேயம் எருதுதான் வேண்டும். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் போன்றவர்கள் பெரிய மந்தை வைத்து இனத்தைப் பேணினார்கள். எங்களைப் போன்றவர்கள் ஒன்றிரண்டு பசு வைத்திருந்தோம். செவலையாய்ப் பிறந்த கன்று மாதங்கள் போகப் போக மயிலையாக மாறும். காளைக்கன்றை வளர்த்துச் சித்திரையில் கண்ணபுரம் மாட்டுத்தாவணிக்கு ஓட்டினால், பல்லும் சுழியும் பார்த்துத் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். அந்தப் பணம் வருவது எப்போதோ ஒரு முறை.

அன்றாடச் செலவு ஆத்தாவின் வெண்ணெயில் நடந்தது. காங்கேயம் பசு கன்றுக்குப் போக இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் பெரிது. எருமைப்பால்தான் கெட்டி. விடியுமுன் தூணில் கயிறு கட்டி மத்துப் போட்டுக் கடைவாள். திரண்டதை உருட்டி மோர்ச்சட்டியில் மிதக்கவிட்டு, வாரம் ஒருநாள் வருகிற வெண்ணெய்க்காரருக்கு நிறுத்துக் கொடுப்பாள். ஊத்துக்குளி வெண்ணெய்க்கு ஊரெங்கும் பேர் வந்ததற்குப் பின்னால் இப்படி எத்தனையோ ஆத்தாக்கள். உப்பும் புளியும் எங்கள் பள்ளிக்கூடச் செலவும் அவள் சுருக்குப்பையிலிருந்து வந்தன. திடீர்ச் செலவு என்றால் கன்னிவாடிச் சந்தைக்கு ஒரு கிடாய் போகும்.

1932-ல் பைக்காரா மின்சாரம் உற்பத்தியானது. கோவைப் பட்டறைகள் மோட்டார் செய்தன. கிணற்றுக்குக் கிணறு கம்பி வர, கவலை வாரிகள் தூர்ந்தன. டிராக்டர் வந்ததும் ஏரும் போனது. வேலையில்லாத காளைக்கு யார் தீவனம் போடுவார்கள்? சினை ஊசி வந்து, ஜெர்சிக் கலப்பு மாடு சொசைட்டிப் பாலுக்கு நின்றது. வெண்ணெய் எடுக்காமல் பாலாகவே ஊற்றியபோது, காசு சொசைட்டி அட்டையில் பெயர் இருந்த ஆம்பிளை கைக்கு மாறியது. இதை எந்த மாட்டு வரலாற்றிலும் நான் படித்ததில்லை. கொரங்காட்டில் செம்மறி மட்டும் அசையாமல் நின்றது. கறிக்கும் தோலுக்கும் விலை இருந்ததால் மேச்சேரிச் செம்மறியை யாரும் கைவிடவில்லை. ஆட்டுக்காகக் காத்த வேலிக்குள்தான் மிச்சமிருந்த பசுக்களும் மேய்ந்தன.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு பையன்கள் காங்கேயம் கன்று கேட்டு வருகிறார்கள். சந்தோசம்தான். அதே சமயம் பொக்லைன் வைத்துக் கிளுவையைப் பிடுங்கிக் கம்பிவேலி போடுவதும் நடக்கிறது; காட்டை மனையாக்கி விற்பதும் நடக்கிறது. கன்று கேட்கிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: மேய எத்தனை ஏக்கர் புல் வைத்திருக்கிறாய், கோடைக்குத் தட்டு இருக்கிறதா, சாணி அள்ளப்போவது யார்? மூன்றுக்கும் பதில் சொன்னவனுக்குக் கன்றின் விலையில் குறைத்துக் கொடுக்கிறேன். மற்றவர்களைப் போத்து வெட்டிக்கொண்டு போகச் சொல்கிறேன்; அதற்குக் காசு வாங்குவதில்லை.