எரிபொருள் பாதையில் ஒரு மின்கம்பி: கடலோர லாரிகளின் பழுதறியும் கலை

புதுச்சேரி நகரின் வடபுறத்தில் குருசுக்குப்பத்தை அடுத்து, மாசி மகத்தன்று சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு வந்து கூடும் கரையாகப் பலராலும் அறியப்படும் வைத்திக்குப்பம், அடிப்படையில் ஒரு மீனவர் குடியிருப்பு. இத்தகைய சோழமண்டலக் கரைக் குப்பங்களில் டீசல் எஞ்சின் இருவேறு நிலைகளில் வழங்கிவருகிறது: படகில் பொருத்தப்படும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் கைப்பிடியால் சுற்றிக் கிளப்பப்படுவது, பேட்டரியே இல்லாமல் ஓடக்கூடியது, மீனையும் பனிக்கட்டியையும் ஏற்றிச் செல்லும் லாரியின் எஞ்சினோ நாளடைவில் மின்சாரத்தைச் சார்ந்ததாக மாறியது. எண்ணெய் எரிவது இரண்டிலும் ஒரே முறையில்தான் என்றாலும், பழுது கண்டறியும் அறிவில் இவ்விரண்டுக்கும் இடையே பெரும் தொலைவு உண்டாகிவிட்டது. எரிபொருள் பாதைக்குள் மின்சாரம் படிப்படியாக நுழைந்த வரலாறே அத்தொலைவின் வரலாறு.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைப்பது பிளக்கில் எழும் மின்பொறி. டீசல் எஞ்சினில் அவ்வேலையைக் காற்றின் அழுத்தத்தால் பிறக்கும் வெப்பமே செய்துவிடுகிறது. ஆகவே ஒருமுறை கிளம்பிய பழைய டீசல் எஞ்சின், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். 1948இல் தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய எண்ணூர் நிறுவனத்தின் லாரிகளும், பிரெஞ்சு ஆட்சியிலிருந்து புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்துக்கு மாறிய 1954ஆம் ஆண்டிலேயே ஜாம்ஷெட்பூரில் உருவாகத் தொடங்கிய டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகளும் இத்தகைய எஞ்சின்களைச் சுமந்தவையே. ஃபீட் பம்பு தொட்டியிலிருந்து எண்ணெயை இழுக்க, ஃபில்டர் அதை வடிகட்ட, எஞ்சினின் சுழற்சியாலேயே இயங்கும் பெரிய பம்பு அளவோடு அழுத்தம் ஏற்றி அனுப்ப, நாசில் எனப்படும் பீச்சுமுனை அதைச் சிலிண்டருக்குள் தூவும். 1951இல் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் இத்தகைய பம்புகளை இந்தியாவிலேயே செய்யத் தொடங்கியபின், அவற்றைப் பிரித்துச் சீர்செய்து அளவு வைக்கும் பம்புக் கடைகள் லாரித் தொழில் நடந்த ஊர்களிலெல்லாம் தோன்றின.

அக்காலத்தில் எரிபொருள் பாதையில் மின்சாரம் தொட்ட இடம் ஒன்றே ஒன்றுதான்: தொட்டியிலுள்ள மிதவையின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப மின்தடை மாறி, ஓட்டுநர் முன்னுள்ள முள்ளை நகர்த்தும் அளவுமானி. அது கெட்டாலும் வண்டி நிற்காது; ஒரு குச்சியை விட்டு எண்ணெயின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். எஞ்சினை நிறுத்துவதற்குக்கூட ஒரு குமிழை இழுத்து, கம்பிவடத்தின் வழியாகப் பம்பின் நெம்புகோலை அசைக்கும் ஏற்பாடே இருந்தது. எஞ்சின் கிளம்பவில்லை என்றால் மெக்கானிக் முதலில் சந்தேகித்தது குழாய்க்குள் புகுந்த காற்றை. இணைப்பைத் தளர்த்தி, ஃபீட் பம்பைக் கையால் அடித்து, நுரை நின்று எண்ணெய் மட்டும் வரும்வரை காத்திருக்கும் ‘ஏர் எடுத்தல்’ என்னும் அவ்வேலை, பல தலைமுறை ஓட்டுநர்கள் சாலையோரத்திலேயே கற்றுக்கொண்ட வித்தையாகும்.

இந்நிலையை மாற்றியது, இழுக்கும் குமிழுக்குப் பதிலாகச் சாவியிலேயே எஞ்சினை நிறுத்த உதவிய சாலினாய்டு, அதாவது மின்சாரம் பாயும்போது காந்தமாகி ஓர் உலோகத் தண்டை இழுக்கும் கம்பிச்சுருள். மின்சாரம் பாயும்போது எண்ணெய் வழியை அடைப்பது ஒரு வகை. பாயும்வரை மட்டுமே வழியைத் திறந்து வைத்திருப்பது மற்றொரு வகை. முதல் வகையில் கம்பி அறுந்தால் எஞ்சின் நிற்க மறுக்கும். இரண்டாம் வகையில் அறுந்தால், தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் எஞ்சின் கிளம்ப மறுக்கும். சிறிய லாரிகளிலும் வேன்களிலும் வந்த சுழல்வகைப் பம்புகள் பலவற்றில் இரண்டாம் வகையே இடம்பெற்றது. எண்ணெய் நின்றுபோனதற்கு அடைத்த ஃபில்டரும் காரணமாகலாம், துருப்பிடித்த ஒரு திருகும் காரணமாகலாம் என்ற புதிய குழப்பம் இங்கேதான் பிறந்தது. பம்புக் கடைக்காரருக்கு மின்சாரம் அயல்துறை. ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குப் பம்பு அயல்துறை. இருவருக்கும் இடையே அலைந்து, குறையற்ற பம்பைப் பிரிக்கக் கொடுத்துப் பணம் இழந்தவர் வண்டி உரிமையாளரே.

கடலோரத்தில் இக்குழப்பம் இரட்டிப்பாகிறது. உப்புக்காற்றும், மீன்பெட்டிகளிலிருந்து வடியும் உப்புநீரும் செம்புக் கம்பியின் முனைகளில் பச்சைக் களிம்பை ஏற்றுகின்றன. சட்டத்தோடு இணையும் ‘எர்த்’ முனையில், அதாவது மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வழியில், துரு படர்கிறது. களிம்பேறிய இணைப்பு முற்றிலும் அறுந்துவிடுவதில்லை என்பதே இதிலுள்ள வஞ்சகம். காலையில் கிளம்பும் எஞ்சின், சாலினாய்டின் சுருள் சூடேறி அதன் மின்தடை கூடியவுடன், ஏற்கனவே குறைந்திருந்த மின்னோட்டம் மேலும் குறைந்து, தண்டைப் பிடித்திருக்கும் வலு போய் நடுவழியில் நின்றுவிடும். ஆறியபின் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் கிளம்பும். இதைக் காற்றடைப்பு என்றோ தொட்டியிலுள்ள அழுக்கு என்றோ கருதுவது மிக இயல்பான தவறு.

தேர்ந்த எலக்ட்ரீஷியன்கள் இதற்குக் கண்ட வழி எளியது, ஆயினும் ஆழமான புரிதலைக் கொண்டது. சாவியைத் திருப்பும்போது சாலினாய்டில் ‘டிக்’ என்ற ஒலி கேட்கிறதா என்று முதலில் கவனிப்பர். கேட்காவிட்டால், சாலினாய்டுக்கு உரிய மின்னழுத்தத்தைச் சரிபார்த்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து ஒரு தனிக் கம்பியால் நேரே மின்சாரம் கொடுப்பர். அப்போது எஞ்சின் கிளம்பினால் பம்பின்மேல் பழியில்லை. அடுத்து வருவது டெஸ்ட் லேம்ப், அதாவது இரு கம்பிகளுடன் கூடிய ஒரு சிறு பல்பு. மல்டிமீட்டர் மிகச் சிறிதளவு மின்னோட்டத்தையே எடுப்பதால், இணைப்பைக் கழற்றி அளந்தால் களிம்பேறிய கம்பியிலும் முழு மின்னழுத்தத்தைக் காட்டிவிடும். பல்போ தன் வெளிச்சத்துக்கே மின்னோட்டத்தை இழுப்பதால் அங்கே மங்கிப்போய் உண்மையைச் சொல்லிவிடும். மீட்டரைப் பயன்படுத்துவதாயின், சாலினாய்டு வேலை செய்துகொண்டிருக்கும்போதே, அதன் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளக்க வேண்டும். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் தென்பட்டால் எர்த் வழியைச் சந்தேகிக்கலாம். விலைகுறைந்த கருவி மேலான விடை தந்த இந்த நிலை, கைத்தொழிலறிவின் மதிப்பை உணர்த்தும் சான்றாகக் கொள்ளத்தக்கது.

புகைக் கட்டுப்பாட்டு விதிகள் அந்த அறிவையும் இடம்பெயர்த்தன. பாரத் ஸ்டேஜ் நான்காம் நிலை 2017 ஏப்ரலிலும் ஆறாம் நிலை 2020 ஏப்ரலிலும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது, எண்ணெயைப் பொதுக்குழாயொன்றில் ஆயிரம் பார்களுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் தேக்கி, கணினி இடும் மின்கட்டளைப்படி ஒவ்வொரு நாசிலையும் திறக்கும் காமன் ரெயில் முறை லாரிகளில் பரவியது. பெரும்பாலும் ஐந்து வோல்ட்டில் இயங்கும் அதன் உணரிகளின் கம்பியில் பழைய டெஸ்ட் லேம்பைத் தொடுவது கணினியையே பழுதாக்கக்கூடும். ஓடும் எஞ்சினின் உயரழுத்தக் குழாயைத் தளர்த்தினால் சீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். சாலையோரத்தில் கற்ற இரு வித்தைகளும் இவ்வாறு அபாயமாகிவிட, ஸ்கேனர் எனப்படும் குறியீட்டு வாசிப்பான் பட்டறைக்குள் வந்தது. ஆயினும் அக்கருவி எந்த மின்சுற்றில் குறை என்பதை மட்டுமே பெரும்பாலும் காட்டுகிறது. அந்தச் சுற்றின் எந்தக் கப்ளரில் (கம்பி இணைப்பியில்), எந்த எர்த் திருகில் களிம்பு ஏறியுள்ளது என்பதை அறிய, உப்புக்காற்று வீசும் கரையில் இன்றும் கம்பியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பின்தொடர்ந்து, மின்னோட்டம் பாயும் நிலையிலேயே அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.