ஓட்டு அங்கே, துணி இங்கே

துணி விஷயத்தில் இங்கிலாந்துக்காரர்களுக்கும் நமக்கும் உள்ள வழக்கு இன்று நேற்று முளைத்ததல்ல. நம்முடைய அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தக்கூடாது என்று 1721-லேயே அவர்கள் பார்லிமெண்டில் சட்டம் செய்தார்கள். பிறகு அவர்களே நூற்கவும் நெய்யவும் இயந்திரங்களைக் கண்டுபிடித்து, லங்காஷயர்த் துணியை நம் தலையில் கட்டினார்கள். அதை வாங்காதே என்றார் காந்தியடிகள். கதர் மூட்டைகள் ஏறி இறங்கும் ஊராயிற்று திருப்பூர். 1932 ஜனவரியில் கொடியைப் பிடித்தபடியே தடியடி பட்டு, 11-ஆம் தேதி உயிர் நீத்தான் குமரன். அந்தத் திருப்பூர்தான் இன்றைக்கு இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்து அனுப்புகிறது! சரித்திரத்துக்கு இப்படி விளையாடிப் பார்ப்பதில் ஒரு பிரியம் உண்டு போலிருக்கிறது.

திருப்பூருக்குப் பனியன் வந்தது 1925-ஐ ஒட்டி. குலாம் காதர் என்பவர் தொடங்கிய சிறு பட்டறையிலிருந்து கணக்குச் சொல்வார்கள். வெகுகாலம் வரையில் நம் அப்பாக்களும் தாத்தாக்களும் சட்டைக்குள்ளே போடும் வெள்ளைப் பனியன்தான் அங்கே பின்னினார்கள். 1978 வாக்கில் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வெள்ளை டீ-ஷர்ட் தேடிக்கொண்டு வந்த பிறகுதான் ஊர் கடலைத் தாண்டிப் பார்க்கத் தொடங்கியது.

அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1973 ஜனவரி முதல் தேதி, இங்கிலாந்து ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்துவிட்டது. காமன்வெல்த் சொந்தம் என்று நமக்கு இருந்த சலுகைகள் போயின. வேறொரு வீட்டில் சம்பந்தம் செய்துகொண்டவன், பழைய உறவுக்காரனைத் திண்ணையோடு நிறுத்திப் பேசுவது போலத்தான். பிறகு கோட்டா வந்தது. எந்தத் தேசம் எத்தனை உருப்படி அனுப்பலாம் என்று ஐரோப்பாவே அளந்து வைத்தது. தைக்கத் தெரிந்தவனுக்குக் கோட்டா இராது. கோட்டா உள்ளவன் தைக்காமலே அதை விற்றுக் காசு பார்ப்பான். 2004-ஆம் ஆண்டோடு அது ஒழிந்தது.

கோட்டா ஒழிந்தாலும் வரி ஒழியவில்லை. நம் ஊர்ச் சட்டைக்கு ஐரோப்பாவில் ஏறக்குறைய 10 சதவிகிதம் சுங்கம். வங்காள தேசத்துச் சட்டைக்கு ஒன்றுமில்லை, அது ஏழை நாடு என்ற சலுகை. ஒரு சட்டைக்கு நாலணா எட்டணா வித்தியாசத்தில் ஆர்டர் கைமாறுகிற தொழிலில் 10 சதவிகிதம் என்பது மலை அல்லவா?

இப்படி இருக்கும்போதுதான் 2016 ஜூன் 23 வந்தது. ஐரோப்பிய யூனியனில் இருப்பதா, விலகுவதா என்று இங்கிலாந்து ஜனங்களைக் கேட்டார்கள். 1 கோடியே 74 லட்சம் பேர் விலகுவோம் என்றார்கள். நூற்றுக்கு 52 பேர். மீன்பிடிக்கும் உரிமை, அந்நியர் குடியேற்றம், பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகளின் அட்டகாசம் என்று அவர்கள் பேசியது எத்தனையோ. நொய்யல் கரையில் ஓவர்லாக் மெஷினுக்கு முன்னால் குனிந்திருக்கிற பெண்ணைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

மறுநாள் காலை பவுண்டு சரிந்தது. முப்பது ஆண்டுகளில் காணாத சரிவு. அன்றைக்கே தங்கம் ஏறிற்று. நம் வீட்டுப் பெண்கள் தாலிக்கொடி இத்தனை பவுன் என்று கணக்குப் பார்க்கிறார்களே, அந்தப் பவுன் இந்தப் பவுண்டின் வயிற்றில் பிறந்த சொல்தான். பிள்ளை ஏறவும் தாய் இறங்கவுமாக ஒரே நாளில் நடந்தது.

ஓட்டுக்கு முன் ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 100 ரூபாய். அக்டோபர் மாதம் 82 ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று பவுண்டுக்கு ஒத்துக்கொண்ட சட்டையில் 300 ரூபாய் வரும் என்று நம்பி நூல் வாங்கியாயிற்று, பின்னியாயிற்று, சாயம் போட்டாயிற்று, தைத்துமாயிற்று. கைக்கு வருவதோ 246. அந்த 54 ரூபாயில்தான் முதலாளியின் லாபமும் வங்கியின் வட்டியும் இருந்தன.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக்காரரை நான் விசாரித்தேன். அவினாசிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து கட்டிங் மாஸ்டராக இருந்து முதலாளியானவர்.

"டாலரில் பேசினவர்கள் தப்பித்திருப்பார்களே?" என்றேன்.

சிரித்தார். "நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். பவுண்டு உளுந்தா நமக்கென்ன, நாம பேசுனது டாலர்லன்னு. ஒரே வாரத்துல பையர்கிட்ட இருந்து கடுதாசி வந்திருச்சுங்க. அவருக்கு டாலர் வெலை ஏறிப் போச்சாம், நம்ம வெலையைக் கொறைக்கோணுமாம். கொறைக்காட்டி அடுத்த சீசனுக்கு ஆர்டர் இல்லீங்களே!"

"குறைத்தீர்களா?"

"கொறைக்காம? உள்ள போய் பாருங்க, எத்தனை பேரு உக்காந்து தைக்கறாங்கன்னு."

உள்ளே போய்ப் பார்த்தேன். பவர்டேபிள் வரிசையில் பாதிக்குமேல் பெண்கள். சனிக்கிழமை சம்பளத்தை நம்பி மளிகைக் கடையில் கணக்கு வைத்திருப்பவர்கள். பீஸ் ரேட்டில் சில காசு குறைந்தால் அது எந்தத் தேசத்து ஓட்டினால் குறைந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அதே 2016 நவம்பர் 8-ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போன கதை வேறு. வாரக்கூலி ஊரில் அது என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

விலகுவோம் என்று சொன்னவர்கள் விலகி முடிப்பதற்கு நாலரை ஆண்டு பிடித்தது. 2020 ஜனவரி 31-ல் பெயரளவில் விலகினார்கள். சுங்கமும் சந்தையும் பிரிந்தது அந்த ஆண்டு டிசம்பர் 31-ல். அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. இங்கிலாந்துக் கடைக்காரர் நம் சட்டையை ஒரே கிடங்கில் இறக்கி, அங்கிருந்து லண்டனுக்கும் டப்ளினுக்கும் பாரிஸுக்கும் பிரித்து அனுப்புவது வழக்கம். பிரிந்த பிறகு அதே சட்டை இங்கிலாந்தில் வரி கட்டி உள்ளே போயிற்று. அங்கிருந்து டப்ளின் போனால், நீ இங்கிலாந்தில் பிறந்த சட்டை அல்லவே, திருப்பூர்ச் சட்டைதானே என்று மறுபடியும் வரி. பிறந்த ஊரை மறைக்க முடியாத குற்றத்துக்கு இரண்டு தண்டனை! இதனால் ஐரோப்பாவுக்கு உள்ளதைத் தனியாகவும் இங்கிலாந்துக்கு உள்ளதைத் தனியாகவும் அனுப்பச் சொல்லும் பையர்கள் வந்தார்கள். ஒரு பெரிய ஆர்டர் இரண்டு சிறிய ஆர்டராயிற்று, பத்திரங்கள் இரட்டித்தன.

ஆனால் வழக்கின் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். யூனியனுக்குள் இருந்தவரையில் இங்கிலாந்து நம்மோடு தனியாக வர்த்தக உடன்படிக்கை செய்துகொள்ள முடியாது. ஐரோப்பா முழுவதும் சேர்ந்துதான் பேச வேண்டும். அந்தப் பேச்சு 2007-ல் தொடங்கி 2013-ல் படுத்துவிட்டது. தனியே வந்த இங்கிலாந்து 2022 ஜனவரியில் நம்மோடு உட்கார்ந்தது. 2025 ஜூலை 24-ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நம் ஆயத்த ஆடைக்கு வரி இல்லை என்பது அதில் ஒரு சரத்து. அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டவற்றில் ஸ்காட்லாந்து விஸ்கி ஒன்று. 150 சதவிகித வரி முதலில் பாதியாகி, பத்தாண்டில் 40 ஆக வேண்டும் என்று ஏற்பாடு. குமரன் விழுந்த ஊரின் பனியனுக்கு எதிர்த்தட்டில் விஸ்கி பாட்டிலை வைத்து நிறுத்தார்கள். கள்ளுக்கடை மறியலும் நடத்திய காந்தியடிகள் இந்தத் தராசைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

கையெழுத்தாகி ஐந்து வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்டு 27-ல் அமெரிக்கா நம் சரக்குகளின்மேல் போட்ட கூடுதல் வரி 50 சதவிகிதமாக ஏறிற்று. அமெரிக்காவை நம்பியிருந்த கம்பெனிகளெல்லாம் அவசரமாக இங்கிலாந்துப் பக்கம் திரும்பின.

"எல்லாரும் ஒரே கதவுல முட்டுனா அங்கேயும் வெலையைக் கொறைன்னுதானுங்க சொல்லுவாங்க" என்றார் அந்த ஏற்றுமதிக்காரர். வெளியே பேக்கிங் கொட்டகையில் அட்டைப்பெட்டிகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தன. ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே சட்டை. ஒரு பையன் இரண்டு வரிசைக்கும் வேறுவேறு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான்.