இரும்பும் ஏடும்: ஐரோப்பிய நெடுங்காம்புப் படைக்கலங்களை இனங்காணல்

கரையோர இலங்கையின் ஒல்லாந்தர் கால வரலாற்றை ஆராய்வோர் தோம்புகளையும் தேசாதிபதிகளின் குறிப்புகளையும் நாடுவர். அக்காலத்து இரும்பை நாடுவோர் சிலரே. கொட்டாஞ்சேனையை அடுத்த மேட்டில் நிற்கும் வொல்வெண்டால் தேவாலயத்தைப் பார்த்து, அது எக்காலத்தது என வினவுகின்றோம். ஆயின், ஒரு பழைய ஈட்டியைக் கண்டால் அதன்மீது ஒட்டப்பட்ட சீட்டை அப்படியே நம்பிவிடுகின்றோம். இது வரலாற்று மாணவருக்கு ஏற்றதன்று.

நெடிய மரக்காம்பில் பொருத்தப்பட்ட ஐரோப்பியப் படைக்கலங்கள் பலவகைப்படும். கோடரியலகு, கூர்முனை, பின்புறக் கொக்கி ஆகிய மூன்றும் ஒருங்கமைந்தது ஹல்பேட். அகன்ற அலகும் அடியில் இரு சிறகுகளும் உடையது பார்ட்டிசன். துவக்கும் துவக்குமுனைக் கத்தியும் பரவிய பின்னர் இவை போர்க்களத்தில் பயனிழந்து, பதவியின் அடையாளங்களாகவும் காவலர் கைப்பொருள்களாகவும் எஞ்சின. ஆங்கிலேயப் படையின் சாஜன்மார் 1792 வரை ஹல்பேட் ஏந்தினர். பின்னர் 1830 வரை ஸ்பொன்டூன் எனும் ஈட்டியை ஏந்தினர். ஆங்கிலேயர் கொழும்பைக் கைப்பற்றியது 1796இல். எனவே, அவர்தம் சாஜன்மாரோடு வந்திறங்கியது எனக் கூறப்படும் ஹல்பேட்டை ஆராயாது ஏற்றல் தகாது.

வடிவம் மட்டும் சான்றாகாது. யானைப்பாகனின் அங்குசத்திலும் கூர்முனையும் கொக்கியும் உள. நெடுங்காம்பு பூண்ட அங்குசம் ஐரோப்பியக் கருவியெனத் தோற்றம் காட்டலாம். ஐரோப்பாவிலும் வேலிவெட்டும் கத்தியிலிருந்தே ஒருவகைப் படைக்கலம் பிறந்தது. உழவன் கருவியையும் வீரன் கருவியையும் பிரித்தறிய, காம்போடு அலகு பிணைந்த முறையை நோக்க வேண்டும். ஹல்பேட்டில் காம்பின் இருமருங்கும் இரும்புப் பட்டிகள் இறங்கி ஆணிகளால் இறுக்கப்பட்டிருக்கும். எதிரியின் வாள் காம்பைத் துணிக்காது காப்பதும் அவற்றின் பணியாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாளிகைச் சுவர்களை அணிசெய்யும் பொருட்டு இப்படைக்கலங்களின் படிகள் பெருமளவிற் செய்யப்பட்டன. மியூனிச் நகரத்து ஏர்ன்ஸ்ட் ஷ்மிட் விற்ற படிகள் இன்றும் மூலங்களென மயங்கவைப்பவை. கொல்லன் அடித்த அலகு அடியில் தடித்து முனைநோக்கி மெலியும். உருட்டிய தகட்டிலிருந்து வெட்டியது எங்கும் ஒரே தடிப்புடையது. அமிலத்தால் உண்டாக்கிய துருக்குழிகள் பெரும்பாலும் ஒரு சீராகப் பரவியிருக்கும். காலத்தால் உண்டானவை அவ்வாறு இரா. காம்போ பன்முறை மாற்றப்பட்டிருக்கக்கூடும். புதிய காம்பு கண்டு பழைய அலகைத் தள்ளிவிடலாகாது.

முத்திரையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி 1602இல் தோன்றியது. அதற்கு முற்பட்டதென மதிக்கப்படும் கருவியில் கும்பனியின் வீ.ஓ.சீ. முத்திரை காணப்படின், ஒன்றில் மதித்த காலம் பிழை. அன்றேல் முத்திரை பின்னர் இடப்பட்டது. சேகரிப்போர் அம்முத்திரையை விரும்பி விலைகொடுப்பதால் பொய் முத்திரைகளும் பொறிக்கப்படுகின்றன.

இரும்பு இவ்வாறு தடுமாறவைக்கும் வேளையில் ஏடு துணைவருகின்றது. இதனை விளக்க, நெடுங்காம்பு ஆயுதமன்றெனினும், லெவுகே பீரங்கியை ஈண்டுக் காட்டலாம். 1765இல் தேசாதிபதி வான் எக்கின் படை கண்டியைச் சூறையாடியபோது கவரப்பட்ட அச்சிறு பீரங்கி, அம்ஸ்ரடாம் ரைக்ஸ் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்தது. அதிலுள்ள சிங்களப் பொறிப்பு, லெவுகே திசாவை 1745-46 அளவில் அதனைக் கண்டியரசருக்குக் காணிக்கையாக்கியதை உணர்த்துகின்றது. பொருளின் பொறிப்பையும் அது கைமாறிய வரலாற்றையும் ஒப்புநோக்கிய ஆய்வின் பயனாக, மேலும் ஐந்து பொருள்களுடன் அது 2023 டிசெம்பரில் கொழும்பு நூதனசாலையை வந்தடைந்தது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? ஒரு படைக்கலம் எங்கே செய்யப்பட்டது என்பது ஒரு வினா. எவர் கைகளினூடாக வந்தது என்பது மற்றொரு வினா. முன்னதற்கு இரும்பும் பின்னதற்கு ஏடும் விடை தரும். இரண்டையும் குழப்புவோமாயின், இந்நாட்டுக் கொல்லனின் கைத்திறனை ஐரோப்பியனுக்கு உரியதாக்குவோம். கவர்ந்த பொருளைப் பரிசெனப் பதிவுசெய்வோம். நூதனசாலைச் சீட்டில் ஒரு சொல் பிழைப்பின், ஒரு மக்களின் உரிமையும் அதனுடன் பிழைபட்டுப்போகும் என்பதை மாணவர் மனங்கொள்வாராக.