ஸ்டீயரிங் இப்ப யார் கையில?

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதுல ஒரு ராத்திரி நடந்த கூத்தைச் சொல்லணும். ஒரு சர்வரை நான் பார்த்துக்கிறேன்னு பக்கத்து சீட்டு நண்பன் நெனச்சிட்டு இருக்கான், அவன் பார்த்துக்கிறான்னு நான் டீ குடிக்கப் போயிட்டேன். எங்களுக்கு மேனேஜர் கிட்ட அர்ச்சனையோட போச்சு. இதே குழப்பம் 2017-ல ஒரு போர்க்கப்பல்ல நடந்தது. பத்து பேர் செத்துப் போனாங்க.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கொசுவத்தி. நீராவிக் கப்பல் காலத்துல மேல்தளத்துல நிக்கிற கேப்டனுக்கு இன்ஜினைத் தொடவே முடியாது. அவர்கிட்ட இருந்தது ஒரு வட்ட முகப்பு, அதுல ஒரு கைப்பிடி, அவ்ளோதான். 'முழு வேகம்', 'பாதி', 'நில்', 'பின்னால போ'ன்னு எழுதியிருக்கும். (டைட்டானிக் படத்துல பனிப்பாறையைப் பார்த்ததும் டிங் டிங்னு அடிச்சுத் திருப்புவாங்களே, அதேதான்.) கைப்பிடியைத் திருப்பினா கீழே இன்ஜின் ரூம்ல மணி அடிக்கும். அங்க இருக்கிறவர் தன்னோட கைப்பிடியையும் அதே இடத்துக்குத் திருப்புவார். உடனே மேலே இன்னொரு முள் நகர்ந்து வந்து நிக்கும். உத்தரவு போய்ச் சேர்ந்துச்சு, கேட்டவனுக்குப் புரிஞ்சுச்சுன்னு அர்த்தம். நெட்வொர்க் படிச்சவங்க இதைப் பார்த்தா சிரிப்பீங்க. நம்ம அக்னாலெட்ஜ்மென்ட் பாக்கெட்டே தான்!

அப்புறம் இதெல்லாம் எலக்ட்ரானிக்ஸ் ஆச்சு. 1997 செப்டம்பர் 21, அமெரிக்காவின் யார்க்டவுன் போர்க்கப்பல் நடுக்கடல்ல நின்னு போச்சு. டேட்டாபேஸ்ல ஒரு கட்டத்துல யாரோ பூஜ்யம் போட்டுட்டாங்க. பூஜ்யத்தால் வகுக்கப் போய், பிழை நெட்வொர்க் முழுக்கப் பரவி, கடைசியில உந்துசக்தியே போயிடுச்சு. சுமார் ரெண்டே முக்கால் மணி நேரம் மிதந்துட்டு இருந்தாங்க. விண்டோஸ் என்.டி.யைத் திட்ட அப்போ ஒரு கூட்டமே கிளம்புச்சு. என்னைக் கேட்டா, பூஜ்யத்தைச் சோதிக்காம உள்ளே விட்ட புரோகிராமரைத்தான் முதல்ல தேடணும். நல்லவேளை, அதுல யாரும் சாகல.

ஜான் எஸ். மெக்கெய்ன் கதை அப்படி இல்ல. 2017 ஆகஸ்ட் 21 விடியற்காலை, சிங்கப்பூர் ஜலசந்திக்குள்ள நுழையப் போகுது. கப்பல் நெரிசல்னா உலகத்துலயே மோசமான இடங்கள்ல ஒண்ணு. வேகம் சுமார் 20 நாட். திசையையும் வேகத்தையும் ஒரே பையன் டச் ஸ்கிரீன்ல பார்த்துட்டு இருந்தான். திணறுறான்னு தெரிஞ்ச கேப்டன் 5:19-க்கு, வேகத்தை மட்டும் பக்கத்துத் திரைக்கு மாத்தச் சொன்னார். நல்ல எண்ணம்தான். ஆனா மாத்தும்போது ஸ்டீயரிங்கும் சேர்ந்தே போயிடுச்சு. யாரும் கவனிக்கல.

5:21-க்கு அந்தப் பையன் 'ஸ்டீயரிங் போயிடுச்சு'ன்னு கத்தினான். உண்மையில எதுவும் பழுதாகல. சுக்கான், மோட்டார், கம்ப்யூட்டர் எல்லாமே ஒழுங்கா இருந்தது. ஒரு கை தூரத்துல இருந்த திரையில ஸ்டீயரிங் சும்மா உட்கார்ந்திருந்தது. இல்லாத பழுதைத் தேடிட்டு இருந்தாங்க, பாவம்.

அதுவரைக்கும் கப்பலை நேரா வச்சிருக்க சுக்கானைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடிச்சிருந்தாங்க. கட்டுப்பாடு கைமாறினதும் அது நடுவுக்கு வந்துடுச்சு, கப்பல் இடப்பக்கம் சாய ஆரம்பிச்சது. கேப்டன் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். ரெண்டு புரொப்பல்லருக்கும் திரையில தனித்தனி த்ராட்டில். ரெண்டையும் சேர்த்துப் பூட்டியிருந்தா ஒண்ணை இழுத்தா மத்ததும் வரும். அன்னிக்குப் பூட்டல. இடது மட்டும் குறைஞ்சது, வலது ஒரு நிமிஷத்துக்கும் மேல பழைய வேகத்துலயே தள்ளிச்சு. வலப்பக்கம் தள்ளினா மூக்கு எந்தப் பக்கம் போகும்? இடப்பக்கம் இன்னும் வேகமா. பின்பக்க அறையில இருந்தவங்க ஸ்டீயரிங்கைக் கைப்பற்றினப்போ சில நொடிகள்தான் மிச்சம். 5:24 வாக்குல ஆல்நிக் எம்.சி. என்ற டேங்கர் இடப்பக்கத்துல மோதியது. வீரர்கள் தூங்கிட்டு இருந்த ஓர் அறை ஒரு நிமிஷத்துக்குள்ள தண்ணியால நிறைஞ்சது. அதுல இருந்த பன்னிரண்டு பேர்ல ரெண்டு பேர்தான் வெளிய வந்தாங்க.

இதுல என்னை ரொம்ப உறுத்தினது ஒண்ணு. கப்பல் அப்போ 'பேக்கப் மேனுவல்'ங்கிற முறையில இருந்தது. அதுல எந்தத் திரையும் யார் சம்மதமும் இல்லாம கட்டுப்பாட்டை எடுத்துக்கலாம். சாதாரண உல்லாசப் படகுல ரெண்டு இடத்துல கன்ட்ரோல் இருந்தாக்கூட, பல அமைப்புகள்ல லீவரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்து பட்டனை அமுக்கினாதான் கைமாறும், விளக்கும் எரியும். கோடிக்கணக்கான டாலர் கப்பல்ல அந்த அடக்கம் இல்ல.

2018-ல கேப்டன் கடமை தவறினேன்னு கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். மாலுமிகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டிய அதிகாரியும் ஒப்புக்கொண்டார். 2019-ல வந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தோட அறிக்கை அதுக்கும் மேல போய், போதுமான பயிற்சியும் நடைமுறையும் இல்லாம விட்ட கடற்படையோட மேற்பார்வையைத்தான் முக்கியக் காரணமா சொல்லுச்சு. அன்னிக்குப் பணியில இருந்த சிலர் வேற மாதிரி கன்ட்ரோல் உள்ள வேற கப்பல்ல இருந்து தற்காலிகமா வந்தவங்கன்னும் அதுல இருக்கு. ப்ராஜெக்ட் நடுவுல ஆளை இறக்கிட்டு 'பார்த்துக்கப்பா'ன்னு சொல்றது நம்ம தொழில்ல மட்டும்னு நெனச்சேன்.

அதே வருஷம் கடற்படை இன்னொண்ணும் அறிவிச்சது. இந்த வகைக் கப்பல்கள்ல வேகத்துக்கு டச் ஸ்கிரீன் வேண்டாம், பழைய மாதிரி கையால தள்ளுற த்ராட்டிலையே திரும்ப வைக்கிறோம்னு. கப்பல்ல வேலை செய்றவங்களைக் கேட்டப்போ அவங்க கேட்டதும் அதுதானாம். ரெண்டு லீவர். ரெண்டும் சேர்ந்து நிக்குதா, ஒண்ணு பின்தங்கியிருக்கான்னு இருட்டுல கையை வச்சாலே தெரிஞ்சுடும்.