பீப்பாய்த் தச்சரின் பத்தொன்பது நோட்டுகள்

தெற்குப் பிரான்சில் பெய்ரியாக்-மினர்வுவா என்ற சிற்றூர். 1914 ஆகஸ்ட் தொடக்கம். வெயிலுக்குப் பயந்து தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. திடீரென்று தண்டோரா சத்தம். வெளியூர் வியாபாரி யாரோ கடை விரித்திருக்கிறான், இல்லாவிட்டால் கழைக்கூத்தாடிகள் வந்திருக்கிறார்கள் என்றுதான் ஊர் நினைத்ததாம். வந்திருந்தது உலகப் போர். அதன் வருகையை இத்தனை சாதாரணமாக எழுதிவைத்தவர் அவ்வூர்ப் பீப்பாய்த் தச்சர் லூயி பார்த்தாஸ். அப்போது அவருக்கு வயது 35. வீட்டில் மனைவி, இரண்டு பையன்கள்.

அவர் பிறந்தது 1879இல், பெய்ரியாக் இருக்கும் அதே ஓட் மாவட்டத்தில். அப்பாவுக்கும் பீப்பாய்த் தொழில்தான். அம்மா தையல் வேலை செய்தவர். ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வில் வட்டாரத்திலேயே முதலாவதாக வந்த பையன், அதற்கு மேல் படிக்காமல் உழைக்கப் போனான். ஓக் பலகைகளைச் சீவி, நெருப்பில் காட்டி வளைத்து, இரும்பு வளையம் அடித்து இறுக்குகிற வேலை அது. ஆணி கிடையாது, பசை கிடையாது. பலகை விளிம்பின் சாய்வு ஒரு நூல் பிசகினாலும் ஒயின் ஒழுகிவிடும். சொந்தமாகக் கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் அவருக்கு இருந்தது. படிப்பு நின்றாலும் வாசிப்பு நிற்கவில்லை; ஹூகோ, ஸோலா, மார்க்ஸ் என்று தேடிப் படித்தார்.

அந்த வட்டாரமே ஒயினை நம்பி இருந்தது. 1907இல் ஒயின் விலை அடிமட்டத்துக்குப் போனபோது ஆர்ஜெலியே ஊரில் காப்பிக் கடை வைத்திருந்த மார்செலென் ஆல்பேர் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். ஜூன் 9 அன்று மோன்பெலியே நகரில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் கூடியதாகச் சொல்வார்கள். சில நாளில் நார்போனில் ராணுவம் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். உள்ளூர்ப் பையன்கள் நிறைந்த 17ஆவது ரெஜிமெண்டில் சுமார் 500 பேர் தங்கள் ஜனங்களை எதிர்த்து நிற்க மறுத்துக் கலகம் செய்தார்கள். பார்த்தாஸ் சோஷலிஸ்ட், ஊரில் விவசாயத் தொழிலாளர் சங்கம் அமைப்பதில் பங்கெடுத்தவர். இவற்றையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அவர் சீருடை போட்டார். அதனால் தேசபக்திப் பேச்சு அவரிடம் செல்லவில்லை.

முதலில் வயதானவர்களின் படைப்பிரிவு. 1914 நவம்பரில் வடக்கே ஆர்த்துவா போர்முனை. பிறகு வெர்டன், சோம் போர்முனைகள். அவர் கார்ப்பரலாக இருந்த சிறு குழுவில் பெரும்பாலும் சொந்த வட்டாரத்து ஆட்களே. போரைப் பற்றி அவர் எழுதிவைத்த நோட்டுகளைப் புரட்டினால் வீரதீரத்தைவிட வேலைதான் அதிகம் கண்ணில் படுகிறது: மண் வெட்டுவது, சேற்றில் சுமை தூக்குவது, பேன், ஆறிப்போன சோறு, தூக்கமில்லாத காவல். வேலை தெரியாத மேஸ்திரியைப் பட்டறைக்காரர் பார்ப்பதுபோல அதிகாரிகளைப் பார்க்கிறார். எல்லா அதிகாரியும் அத்தனை மோசமா என்ற சந்தேகம் வாசிப்பவருக்கு வரத்தான் செய்யும். நடுநிலை அவர் நோக்கமே இல்லை. ஆனால் ரெஜிமெண்டின் அதிகாரபூர்வக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டால் இடமும் தேதியும் பொருந்துகின்றன. தன் ஆட்களை வீணாக ஆபத்தில் தள்ளும் குழிவெட்டு வேலையை ஏவ மறுத்ததற்காக 1916இல் அவருடைய கார்ப்பரல் பட்டை பறிபோனது. பின்னால் திரும்பக் கிடைத்தது.

1915 டிசம்பரில் நூவில்-சேன்-வாஸ் அருகே நடந்ததுதான் இன்று அதிகம் பேசப்படுகிறது. விடாத மழையில் இரு தரப்புப் பதுங்குகுழிகளும் நிரம்பிவிட்டன. மூழ்கிச் சாகாமலிருக்கப் பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் மேலே ஏறி வெட்டவெளியில் நின்றார்கள். யாரும் சுடவில்லை. புகையிலை கைமாறியது. ஆஜானுபாகுவான ஒரு ஜெர்மானியர் மேட்டில் ஏறி ஏதோ பேசி, துப்பாக்கியை மரக்கட்டையில் அடித்து உடைத்தார். இரு பக்கமும் கைதட்டி, தொழிலாளர் கீதமான 'இண்டர்நேஷனல்' பாடினார்கள். மேலிடம் பதறிப்போய், கூட்டம் தெரிந்தால் பீரங்கியால் சுடும்படி உத்தரவிட்டது. இங்கே ஒருநாள் நினைவுச் சின்னம் எழும்பக்கூடும் என்று தச்சர் எழுதிவைத்தார்.

1917 மே மாதம் பிரெஞ்சுப் படையில் கலகம் எழுந்தபோது, ரஷ்யாவைப் பார்த்து வீரர்கள் 'சோவியத்' என்ற வீரர் குழுவை அமைக்கக் கிளம்பி, அவரைத் தலைவராக இருக்கச் சொன்னார்கள். சுட்டுக் கொல்லும் கம்பத்தில் நிற்க அவருக்கு ஆசையில்லை, மறுத்துவிட்டார். பதிலாக, நியாயமாக வரவேண்டிய விடுப்பு ஏன் வரவில்லை என்று கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தார். சங்கக்காரரின் புத்தி.

1919 பிப்ரவரியில் வீடு திரும்பி மறுபடி பீப்பாய் வேலை. போர்முனையில் கிறுக்கிய குறிப்புகளை ஓய்வு நேரங்களில் 19 பள்ளி நோட்டுகளில் அழகாகப் பெயர்த்தெழுதி, தபால் அட்டைகளை ஒட்டிவைத்தார். ஒன்றையும் மறைக்காமல் எழுது என்று களத்தில் கூட்டாளிகள் கேட்டிருந்தார்கள். 1929இல் ழான் நோர்ட்டன் க்ரூ என்பவர் போர் சாட்சியங்களாக அச்சான சுமார் 300 நூல்களை அலசிப் புத்தகம் போட்டார். எழுதியவர்களில் மெத்தப் படித்தவர்களே மிகுதி. கைத்தொழிலாளி ஒருவரின் விரிவான சாட்சியம் அப்போதே இருந்தும், அது பெய்ரியாக்கில் வீட்டுக்குள் கிடந்தது.

பார்த்தாஸ் 1952இல் காலமானார். குடும்பம் நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தது. பேரன் காலத்தில் அவை வரலாற்றாசிரியர் ரெமி கசால்ஸ் கைக்கு வந்து, 1978இல் பாரிஸில் மாஸ்பெரோ பதிப்பகம் புத்தகமாக்கியது. அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் ராணுவப் பதவியைப் போடாமல் தொழிலைப் போட்டார்கள். ஆங்கிலத்தில் வர 2014 ஆயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பர் 17 அன்று, நூவில்-சேன்-வாஸில் எதிரிகள் கைகுலுக்கியதற்கான நினைவுச் சின்னத்தைப் பிரான்சின் அன்றைய அதிபர் ஒல்லாந்த் திறந்துவைத்தார்.